உரக்கடை டி.ஏ.பி.யும் ஈஸ்ட்டுக்கான டி.ஏ.பி.யும்: ஊட்டப்பொடிகள் ஒரு மதிப்புரை

மதுரையில் டி.ஏ.பி. என்று கேட்டால் கடைக்காரர் 50 கிலோ மூட்டையைத்தான் காட்டுவார். மல்லிகைத் தோட்டத்துக்கும் நெல் வயலுக்கும் போகிற 18-46-0 உரம் அது. ஒயின், பீர் செய்முறைகளில் ஈஸ்ட்டுக்கு ஊட்டமாக வருகிற டி.ஏ.பி.யும் பெயரளவில் அதே டைஅம்மோனியம் பாஸ்பேட்தான். ஆனால் உர மூட்டையில் காட்மியம், ஃபுளோரைடு மாதிரி பாறையோடு வந்த கசடுகள் இருக்கும். குருணை கட்டியாகாமல் இருக்க மேல்பூச்சும் இருக்கும். பயிருக்குப் போடும்போது மண் ஏற்றுக்கொள்ளும் பொருளை அப்படியே குடிக்கிற பானத்தில் கரைக்க முடியாது. "அதுவும் டி.ஏ.பி.தானே, ஒரு ஸ்பூன் போட்டா என்ன ஆகிடும்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

ஆய்வகச் சாமான் கடையில் கிடைக்கும் எல்.ஆர். (ஆய்வகத் தரம்), ஏ.ஆர். (பகுப்பாய்வுத் தரம்) பாட்டில்களும் இதற்கு ஆகாது. ஏ.ஆர். என்பது சோதனைக்கான தூய்மையைச் சொல்லும் முத்திரை. உண்ணத் தகுந்தது என்று அது எங்கேயும் சொல்வதில்லை. வாங்க வேண்டியது உணவுத் தரம் என்று அச்சிட்ட பொட்டலம். சேர்க்கை எண்ணாக ஐ.என்.எஸ். 342 போட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொடிகளுக்குள் போவதற்கு முன் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-இன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். கிறிஸ்துமஸுக்கு ஒரு ஜாடி திராட்சை ஊறப் போடுவது வழக்கம்தானே என்பது சட்டத்தின் முன் பதிலாகாது. கள் இறக்கவே 1987 முதல் தடை இருக்கிற மாநிலம் இது. ஆகவே கீழே வருகிற அளவுகள் உரிமம் வைத்திருப்பவர்களுக்கும், வீட்டில் செய்யச் சட்டம் இடம் கொடுக்கிற ஊர்களில் இருக்கும் நம்மவர்களுக்கும்தான். சிங்கப்பூரில் சொந்த உபயோகத்துக்கு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை செய்துகொள்ளலாம். மதுரையிலிருந்து மலைத்தேனும் கருப்பட்டியும் பெட்டியில் கட்டிக்கொண்டு போகிறவர்கள் அங்கே நிறையப் பேர். அங்குள்ள வெக்கையும் நம் ஊர் வெக்கைக்கு ஒன்றும் இளைத்ததில்லை என்பதால், சூட்டைப் பற்றிச் சொல்வதெல்லாம் இரண்டு ஊருக்கும் பொருந்தும்.

ஈஸ்ட்டுக்குச் சர்க்கரை மட்டும் போதாது. செல் பெருக நைட்ரஜன் வேண்டும். அம்மோனியமாகவோ அமினோ அமிலமாகவோ ஈஸ்ட் எடுத்துக்கொள்ளக்கூடிய நைட்ரஜனை லிட்டருக்கு மில்லிகிராமில் கணக்கிடுவார்கள். சாதாரண ஒயினுக்கு 150 இல்லாவிட்டால் சிக்கல் ஆரம்பிக்கும். இனிப்பு ஏற ஏற 200, 250 என்று தேவையும் ஏறும். குறைந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, புளிப்பு (அதாவது நொதித்தல்) நடுவழியில் நின்றுவிடும். அல்லது அழுகின முட்டை நாற்றம் கிளம்பும். அமினோ அமிலம் கட்டுவதற்காக ஈஸ்ட் கந்தகத்தைச் சல்ஃபைடாக மாற்றுகிறது. அதோடு சேர்க்க நைட்ரஜன் இல்லாதபோது அந்தச் சல்ஃபைடு ஹைட்ரஜன் சல்ஃபைடாக வெளியே வருகிறது. ஜாடியைத் திறந்ததும் "கெட்டுப்போச்சு" என்று கொட்டப்படுவதில் கெட்டுப்போனவை கொஞ்சம், பசியோடு கிடந்தவை நிறைய.

எதற்கு எவ்வளவு ஊட்டம் என்பது கரைசலைப் பொறுத்தது. முழுக்க மால்ட்டில் (முளைகட்டி உலர்த்திய பார்லி) காய்ச்சிய பீர் வோர்ட்டில் (ஈஸ்ட் போடுவதற்கு முந்தைய சாறு) நைட்ரஜன் போதுமான அளவு இருக்கும். தேனில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் பொடி வாங்குவது வீண் செலவு.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையையே எடுத்துக்கொள்ளலாம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய மஸ்கட் ஹாம்பர்க் ரகம். நல்ல வாசம், அழகான நிறம். ஆனால் அது தின்பதற்காகப் பறிக்கிற பழம், ஒயினுக்கு இனிப்பு பற்றாது. அதனால் ஒரு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ சர்க்கரையும் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரும் என்பதுதான் வீட்டுக் கணக்காக ஓடுகிறது. சர்க்கரையிலும் நைட்ரஜன் கிடையாது, தண்ணீரிலும் கிடையாது. பழத்தில் இருந்த சொற்பமும் மூன்று நான்கு மடங்கு நீர்த்துப்போகிறது. இதை நம் பாட்டிமார்கள் ஏதோ ஒரு விதத்தில் கண்டுபிடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் செய்முறையில் ஒரு கைப்பிடி கோதுமை எங்கிருந்து வந்தது? எண்ணம் சரிதான். ஆனால் முளைகட்டாத கோதுமையின் புரதத்தை ஈஸ்ட் அப்படியே உடைத்துத் தின்ன முடியாது. ஒயினில் மிஞ்சுவது பெரும்பாலும் மாவுக் கலங்கல்தான். உலர் திராட்சை பத்துப் பன்னிரண்டு போடுவதும் அதே கதை. அதில் நைட்ரஜன் உண்டு, ஆனால் கணக்குக்கு வரும் அளவு வேண்டுமென்றால் கிலோக் கணக்கில் கொட்ட வேண்டியிருக்கும்.

இனி பொடிகள்.

ஃபெர்மெய்ட் ஓ (லாலெமாண்ட் நிறுவனத் தயாரிப்பு). ஒன்றே ஒன்றுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் இதை வாங்குங்கள். பழுப்பு நிறப் பொடி, மார்மைட் வாசம். தன்னைத் தானே செரித்த ஈஸ்ட்டிலிருந்து வருவது, அம்மோனியம் சேர்க்கப்படாதது. நைட்ரஜன் முழுக்க அமினோ அமிலமாகவும் சிறு பெப்டைடாகவும் இருக்கிறது. கிராமுக்குச் சுமார் 40 மி.கி. நைட்ரஜன்தான். காகிதத்தில் பார்த்தால் டி.ஏ.பி.யில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் ஈஸ்ட் இதைப் பயன்படுத்துகிற விதம் வேறு. அதனால்தான் தேன் ஒயின்காரர்கள் பின்பற்றும், ஊட்டத்தைப் பங்கு பங்காகக் கொடுக்கும் டோஸ்னா முறையில் இதன் அளவை நேர்க் கணக்கைவிட மிகக் குறைவாகவே வைக்கிறார்கள்.

அந்தக் கணக்கை 10 லிட்டருக்குப் போட்டுப் பார்ப்போம். சுமார் 2.9 கிலோ தேனைத் தண்ணீரில் கரைத்து மொத்தம் 10 லிட்டர் ஆக்கினால் ஹைட்ரோமீட்டர் (தண்ணீரை 1.000 என்று வைத்துக் கரைசலின் அடர்த்தியைக் காட்டும் கருவி) 1.090 காட்டும், அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 235 கிராம் சர்க்கரை. நைட்ரஜன் தேவை குறைந்த ஈஸ்ட் என்றால் அதை 0.75-ஆல் பெருக்கினால் 176 வரும். நடுத்தரத் தேவைக்கு 0.90, அதிகத் தேவைக்கு 1.25. வந்த எண்ணை 50-ஆல் வகுத்து, அமெரிக்கக் காலனில் உள்ள கொள்ளளவால் (10 லிட்டர் என்பது 2.64) பெருக்கினால் 9.3 கிராம். இதை நாலாகப் பிரித்து, ஈஸ்ட் போட்ட 24, 48, 72-ஆவது மணி நேரங்களில் 2.3 கிராம் வீதம் கொடுக்க வேண்டும். கடைசிப் பங்கு மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை தீர்ந்ததும், அதாவது 1.090 என்பது 1.060-க்கு இறங்கும்போது. ஏழாம் நாள் அதற்கு முன்பே வந்துவிட்டால் அன்றைக்கே.

வெக்கையான ஊரில் இந்த அட்டவணையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் ஏமாந்துபோவீர்கள். 30 டிகிரி அறையில் புளிப்பு வேகமாகப் போகும். மூன்றாம் நாளே 1.060-ஐத் தாண்டியிருக்கலாம். அப்போது நாள்காட்டியை விட்டுவிட்டு ஹைட்ரோமீட்டரைப் பார்த்து மிச்சப் பங்கை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். தாமதமாகப் போட்ட ஊட்டத்தை ஈஸ்ட் தின்னாது, வேறு கிருமிகள் தின்னும்.

இதன் குறை அதன் விலைதான். டி.ஏ.பி.யைவிடப் பல மடங்கு. இன்னொரு குறை, அளவை மீறிப் போட்டால் அந்த ஈஸ்ட் வாடை ஒயினில் மெலிதாகத் தங்கும். மென்மையான வாசமுள்ள தேனில் இது தெரியும், பன்னீர் திராட்சையில் தெரியாது.

உணவுத் தர டி.ஏ.பி. வெள்ளைப் படிகம், லேசான உப்புக் கரிப்பு. லிட்டருக்கு 1 கிராம் போட்டால் சுமார் 210 மி.கி. நைட்ரஜன். மலிவு, வேகம், கணக்கும் சுலபம். ஐரோப்பாவில் ஒயினுக்கு உச்சவரம்பே லிட்டருக்கு 1 கிராம்தான். ஆனால் இது ஈஸ்ட்டுக்குச் சோறு ஆகாது, வெறும் சர்க்கரைப் பாகு மாதிரி. அம்மோனியம் கிடைத்ததும் ஈஸ்ட் அமினோ அமிலங்களைத் தொடாமல் அதையே முதலில் விழுங்கும். பழ வாசனைக்கு உதவும் அமினோ அமிலங்கள் கிடப்பில் கிடக்கும். செல்கள் திடுதிப்பென்று பெருகி, கேனின் உள்ளே சூடு ஏறும். அறையே 32 டிகிரி இருக்கும் வீட்டில் உள்ளே இன்னும் சில டிகிரி கூடினால், குடித்தால் தொண்டையில் கரகரக்கும் ஃப்யூசல் ஆல்கஹால்கள்தான் மிச்சம்.

டி.ஏ.பி. போடும் நேரத்தில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. ஈஸ்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும்போது இதைச் சேர்க்கவே கூடாது. உலர்ந்த செல்லின் சவ்வு இன்னும் சரியாகக் கூடாத அந்த நேரத்தில் உப்பு உள்ளே புகுந்து செல்லைக் கொல்லும். நுரை கிளம்பியதைக் கண்ணால் பார்த்த பிறகு பாதி, மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை தீர்ந்ததும் மீதி. ஆல்கஹால் 9 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் ஈஸ்ட்டால் அம்மோனியத்தை உள்ளே இழுக்க முடியாது. அப்போது போட்ட டி.ஏ.பி. கரிப்பாக ஒயினிலேயே நின்றுவிடும். முட்டை நாற்றம் மூன்றில் ஒரு பங்குக்கு முன்பே வந்தால் லிட்டருக்கு 0.25 கிராம் போட்டு நன்றாகக் கலக்கிவிடுங்கள், பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கும். முடியப்போகும் நேரத்தில் வந்தால் டி.ஏ.பி.யால் பிரயோஜனம் இல்லை. வண்டலை விட்டு வேறு கலனுக்கு மாற்றுவதுதான் முதல் வேலை. சிலர் செம்புச் சொம்பில் ஊற்றி ஆற்றினால் நாற்றம் போகும் என்பார்கள். உண்மைதான், செம்பு சல்ஃபைடைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் புளிப்பான ஒயினில் செம்பு எவ்வளவு கரைந்தது என்று வீட்டில் அளக்க வழியில்லை. அதனால் செம்பு, பித்தளை, ஈயம் பூசிய பாத்திரம் எதுவும் வேண்டாம். கண்ணாடியும் எவர்சில்வரும் போதும்.

ஃபெர்மெய்ட் கே. மேலே சொன்ன இரண்டின் கலவை என்று வைத்துக்கொள்ளலாம். செயலற்ற ஈஸ்ட், டி.ஏ.பி., தயமின் உள்ளிட்ட வைட்டமின்கள், மெக்னீசியம். லிட்டருக்கு 0.25 கிராம் போட்டால் சுமார் 25 மி.கி. நைட்ரஜன். சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்த பன்னீர் திராட்சைக்கு இதுதான் கட்டுபடியாகும் தேர்வு. 10 லிட்டருக்கு ஃபெர்மெய்ட் கே 2.5 கிராமும் டி.ஏ.பி. 3 கிராமும் சேர்த்தால் லிட்டருக்குச் சுமார் 88 மி.கி. வரும். பழம் கொடுக்கிற சொச்சத்தோடு சேர்ந்து ஓரளவு தேறிவிடும். தண்ணீர் கலக்காத முழுச் சாறு என்றால் டி.ஏ.பி.யை விட்டுவிட்டு ஃபெர்மெய்ட் கே மட்டும் போதும். இதில் தயமின் இருப்பது இன்னொரு விதத்திலும் நல்லது. பழத்தில் கிருமி அடங்க மெட்டாபைசல்ஃபைட் போடுகிறவர்கள் அதிகம். சல்ஃபைட் தயமினைச் சிதைத்துவிடும். அதனால் சல்ஃபைட் போட்டு ஒரு நாள் கழித்து ஈஸ்ட், அதற்கும் பிறகே இந்தப் பொடி என்ற வரிசை முக்கியம்.

கோ-ஃபெர்ம். இதை ஊட்டப்பொடி வரிசையில் வைத்து "இதுக்குப் பதிலா அது" என்று கேட்பது தப்பு. இது உலர் ஈஸ்ட்டை எழுப்பும்போது மட்டும் கொடுப்பது. ஈஸ்ட்டைப் போல ஒன்றேகால் பங்கு எடை. 5 கிராம் ஈஸ்ட் பாக்கெட்டுக்கு 6.25 கிராம் பொடி, அதைப் போல 20 மடங்கு அதாவது 125 மில்லி தண்ணீர், 43 டிகிரியில். பொடி கரைந்து 40 டிகிரிக்கு இறங்கியதும் ஈஸ்ட்டைத் தூவி, 15 முதல் 20 நிமிடம் விட்டு, பிறகு மெல்லக் கலக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே இந்தச் சூட்டுக்கு வந்துவிடும் என்றாலும் குளோரின் போகக் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரே நல்லது. ஊறிய ஈஸ்ட்டுக்கும் சாறுக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஃபிரிட்ஜில் வைத்த சாற்றில் நேரே ஊற்றினால் எழுப்பியதெல்லாம் வீண். வெறும் 5 சதவீத பீருக்கு இது தேவையில்லை. 1.090-க்கு மேல் போகிற தேனுக்கு இதைத் தவிர்ப்பது சிக்கனமாகாது.

வையீஸ்ட் பீர் ஊட்டக் கலவை, சர்வோமைசஸ். இரண்டும் பீருக்கானவை. மால்ட் வோர்ட்டில் நைட்ரஜன் குறை இல்லை, குறைவது துத்தநாகம். ஆல்கஹாலை உண்டாக்கும் நொதியின் நடுவில் துத்தநாக அணு இருக்கிறது. வோர்ட்டில் லிட்டருக்கு 0.1 முதல் 0.2 மி.கி. வரை தேவை. காய்ச்சும்போது கசண்டோடு சேர்ந்து பெரும்பகுதி போய்விடும் என்பதால்தான் கொதி முடியும் நேரத்தில் போடச் சொல்கிறார்கள். வையீஸ்ட் கலவை 19 லிட்டருக்கு 2.2 கிராம், வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, கொதி முடிய 10 முதல் 15 நிமிடம் இருக்கும்போது. சர்வோமைசஸ் 19 லிட்டருக்கு ஒரு கேப்ஸ்யூல், கடைசி 10 நிமிடத்தில். இது துத்தநாகம் ஏற்றிய ஈஸ்ட். விலை கூடுதல், 5 சதவீத சாதாரண ஏல் வகை பீருக்கு இதில் பெரிய வித்தியாசம் தெரியாது. அரிசி, வெல்லம், சோளம் என்று கால் பங்குக்கு மேல் வேறு சர்க்கரை சேர்த்தால்தான் இவற்றின் மதிப்பு விளங்கும்.

மருந்துக் கடையில் கிடைக்கும் குழந்தைகளுக்கான 20 மி.கி. துத்தநாக மாத்திரையைப் போடலாமா என்ற கேள்வி அடிக்கடி வரும். ஒரு மாத்திரை 19 லிட்டரில் கரைந்தால் லிட்டருக்கு 1 மி.கி.க்கு மேல், அதாவது தேவையைவிட ஐந்து மடங்குக்கும் மேல். இனிப்பூட்டியும் வாசனையும் வேறு சேர்ந்திருக்கும். வேண்டாம்.

நம் வெக்கைக்குக் கச்சிதமான ஈஸ்ட் நார்வேயின் க்வைக். அந்த வகையில் வருகிற லால்ப்ரூ வாஸ் 25 முதல் 40 டிகிரி வரை தாங்கும், 35-க்கு மேல்தான் அதற்கு உற்சாகமே வரும். ஏ.சி. இல்லாத அறையில் பீர் செய்ய இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் தீனிப் பிரியன். 1.040 மாதிரி இலேசான வோர்ட்டில் மற்ற ஈஸ்ட்டுக்குத் தேவைப்படாத ஊட்டம் இதற்கு வேண்டியிருக்கும். மேலே சொன்ன பீர் கலவையைத் தவறாமல் போடுங்கள். ஒயின் பக்கம் கே1-வி1116 என்ற ஈஸ்ட் 35 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். டி47 என்ற ஒயின் ஈஸ்ட்டைப் பெயருக்காக வாங்கி 30 டிகிரியில் விட்டுவிட்டு, ஊட்டம் சரியில்லை என்று பொடியைக் குறைசொல்பவர்கள் உண்டு. அது 20 டிகிரிக்குள் வைக்க வேண்டிய ஈஸ்ட், எந்தப் பொடியும் அந்தச் சூட்டைச் சரிசெய்யாது.

கருப்பட்டியில் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தாது உப்பு இருக்கிறது, ஆகவே ஊட்டம் வேண்டாம் என்று நினைக்க வேண்டாம். ஈஸ்ட்டுக்கான நைட்ரஜனுக்கு அதை நம்ப முடியாது. பதநீர்க் கலயத்தில் பூசிய சுண்ணாம்பின் மிச்சம் கருப்பட்டியில் இருக்கும். கரைத்து, தெளியவிட்டு, துணியில் வடிகட்டிய பிறகே ஈஸ்ட். இல்லாவிட்டால் புளிப்புத்தன்மை குறைந்து வேண்டாத பாக்டீரியாவுக்கு வாசல் திறந்துவிடும்.

பேக்கரிச் சாமான் கடை இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டை 15 நிமிடம் கொதிக்கவைத்துப் போடுவது பழைய சிக்கன வழி. வைட்டமின், கொழுப்புச் சத்துகள் கிடைக்கும். ஆனால் ஃபெர்மெய்ட் ஓ மாதிரி உடைந்த நைட்ரஜன் கிடைக்காது. லேசான சைடருக்கு (ஆப்பிள் சாற்று மது) சரி, தேனுக்குப் பற்றாது. ஈஸ்ட் ஹல்ஸ் என்று விற்கும் வெற்று ஓடுகள் வேறு வேலைக்கானவை. புளிப்பு நின்றுபோன ஒயினில் சேர்ந்திருக்கும் நச்சுக் கொழுப்பு அமிலங்களை ஒட்டி எடுக்க லிட்டருக்கு 0.25 கிராம் போட்டு, ஒரு நாள் கழித்துப் புதிய ஈஸ்ட்டால் மறுபடி தொடங்கலாம். ஊட்டம் என்று எண்ணி முதல் நாளே இதைக் கொட்டுவதில் பயனில்லை.

தவிர்க்க வேண்டியவை: "ஈஸ்ட் நியூட்ரியன்ட்" என்று மட்டும் ஒட்டி, உள்ளடக்கம் அச்சிடாத மறுபொட்டலங்கள். வெள்ளைப் படிகம் என்றால் டி.ஏ.பி.யாக இருக்கலாம், யூரியா கலந்ததாகவும் இருக்கலாம். ஒயினில் யூரியா எத்தில் கார்பமேட்டுக்கு வழிவிடும், அது புற்றுநோய் சந்தேகப் பட்டியலில் உள்ள பொருள்.

எந்தப் பொடியானாலும் நுரைத்துக்கொண்டிருக்கும் கேனில் நேரே தூவாதீர்கள். கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு பொடித் துகளைப் பற்றிக்கொண்டு ஒரே மூச்சில் வெளியேறும். சோடாவில் உப்புப் போட்ட மாதிரி பொங்கி, தரை முழுக்கத் தேன். முதலில் கேனைச் சுத்தமான கரண்டியால் மெல்லக் கலக்கி வாயுவை வெளியேற்றி, பொடியை 50 மில்லி ஆறின தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கேனில் மேலே கால் பங்கு இடம் காலியாக இருக்கட்டும்.

ஸ்பூன் கணக்கை விட்டுவிடுங்கள். டி.ஏ.பி. படிகம் கனமானது, ஃபெர்மெய்ட் ஓ பஞ்சு மாதிரி. ஒரே ஸ்பூனில் எடை ஏறக்குறைய இரண்டு மடங்கு மாறும். 0.01 கிராம் காட்டும் சின்ன நகைத் தராசு போதும். தெற்கு ஆவணி மூல வீதி நகைக் கடைகளில் பொன் நிறுக்கும் வகைதான், மலிவான பாக்கெட் சைஸிலும் வருகிறது.

பொடியைச் சித்திரை, வைகாசியில் ஆர்டர் செய்தால் கூரியர் வேனில் இரண்டு நாள் வெந்துதான் வீடு வந்துசேரும். வைட்டமினும் கூடவந்த உலர் ஈஸ்ட்டும் இதில் அடிவாங்கும், டி.ஏ.பி.க்கு அவ்வளவு பாதிப்பில்லை. முடிந்தால் மார்கழி, தையில் வாங்கி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். எடுத்தவுடன் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே ஈரம் பூத்துக் கட்டியாகும். கட்டியான ஃபெர்மெய்டைத் தூக்கிப் போடுங்கள். கட்டியான டி.ஏ.பி.யில் அம்மோனியா வாடை வராவிட்டால் உடைத்துப் பயன்படுத்தலாம்.